ஹைபிரிட் மைலேஜ் நிஜத்தில் எவ்வளவு? பழைய 1.3 பெட்ரோல் வண்டியோடு எப்படி ஒப்பிடுவது?

ஐந்தாம்கியர்

வணக்கம். கையில் இருப்பது 2004 மாடல் வண்டி: 1.3 லிட்டர் பெட்ரோல், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர், எடை சுமார் 1000 கிலோ. நகரத்துக்குள் ஏசியோடு லிட்டருக்கு 14 கி.மீ., நெடுஞ்சாலையில் 18 கொடுக்கிறது. இதை விட்டுவிட்டு செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் ஒன்று எடுக்கலாமா என்று பார்க்கிறேன். இரண்டாம் தலைமுறை அல்லது மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் எடுக்க உத்தேசம்.

ஒரே மாடலை ஓட்டுபவர்களில் ஒருவர் 17 என்கிறார், இன்னொருவர் 25 என்கிறார். கம்பெனி எண் இரண்டோடும் ஒட்டவில்லை. என் கேள்விகள்:

ஹைபிரிட்டில் மிச்சமாகும் பெட்ரோல் எந்த இடத்தில் மிச்சமாகிறது? பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்ந்து எடை 300, 400 கிலோ கூடுகிறதே, அது லாபத்தைத் தின்றுவிடாதா?

என் ஓட்டத்துக்கு அது எவ்வளவு கொடுக்கும் என்று வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட வழி இருக்கிறதா?

பழைய வண்டியை ஒழுங்காகச் சரிசெய்தாலே இந்த வித்தியாசத்தில் பாதி வந்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மையா?

---

முறுக்குவிசை

முதலில் ஒரு சின்ன மாற்றம். கி.மீ./லிட்டர் கணக்கை விட்டுவிட்டு 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 10 கொடுக்கும் வண்டியை 12 ஆக்கினால் 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 கொடுப்பதை 25 ஆக்கினால் 1 லிட்டர்தான் மிச்சம். கி.மீ./லிட்டரில் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய முன்னேற்றம் போலத் தெரியும். மேலும், லிட்டர் கணக்கில்தான் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பிரித்துக் கூட்ட முடியும்.

உங்கள் வண்டி நகரத்தில் 14 என்றால் 100 கி.மீ.க்கு 7.1 லிட்டர். அது எங்கே போகிறது என்று பிரிப்போம். சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலான எந்த நகரத்திலும் இதுதான் நடப்பு. 100 கி.மீ. ஓட 5 மணி நேரம் ஆகும். அதில் 40 சதவீத நேரம், அதாவது 2 மணி நேரம், வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும். 1.3 லிட்டர் இன்ஜின் ஏசியோடு ஐடிலில் மணிக்கு சுமார் 1 லிட்டர் குடிக்கும். ஆக 7.1 லிட்டரில் 2 லிட்டர் வண்டி ஓர் அங்குலம்கூட நகராமல் எரிந்தது. ஹைபிரிட் இந்த இடத்தில் இன்ஜினை அணைத்துவிடுகிறது. மிகப் பெரிய லாபம் இங்கேதான்.

அடுத்தது பிரேக். 1400 கிலோ வண்டி 50 கி.மீ. வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் 135 கிலோஜூல், அதாவது 37 வாட்-மணி. சக்கரத்திலிருந்து மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று போய் அதே வழியில் சக்கரத்துக்குத் திரும்புவதற்குள் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும்; 20 வாட்-மணி என்று வையுங்கள். நல்ல நிலையில் ஓடும் இன்ஜின் ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து 2.7 கிலோவாட்-மணி கொடுக்கும் என்றால், ஒரு முறை நிற்பதில் மிச்சம் 7 மில்லி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 100 கி.மீ.க்குள் 150 முறை நின்று கிளம்பினால் 1 லிட்டரைத் தாண்டிவிடும்.

எடை கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கூடுதல் எடையால் வேகமெடுக்கும்போது ஆகும் செலவில் ஒரு பகுதி பிரேக்கில் திரும்பி வருகிறது. டயர் உருளும் தடையில் மட்டும் முழு நஷ்டம்: 400 கிலோவுக்கு 100 கி.மீ.யில் சுமார் 1 கிலோவாட்-மணி, பெட்ரோலில் 0.4 லிட்டர். நகரத்தில் இது பெரிய விஷயம் இல்லை. நெடுஞ்சாலையில் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது லாபம் இன்ஜினின் வடிவமைப்பில். பிரியஸ் இன்ஜின் அட்கின்சன் சுழற்சியில் ஓடுகிறது: இன்டேக் வால்வு தாமதமாக மூடும், விரிவு விகிதம் 13:1. கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறைவு, அதனால் தனியாக ஒரு காரில் போட்டால் மந்தமாக இருக்கும். அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. மூன்றாம் தலைமுறையின் 1.8 இன்ஜினுக்கு டொயோட்டா சொன்ன உச்ச வெப்பத் திறன் 38.5 சதவீதம். உங்கள் 1.3-ம் நல்ல சுமையில் முப்பதைத் தாண்டும். ஆனால் நகரத்தில் பாதி மூடிய த்ராட்டிலோடு (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியின் கதவு) காற்றை உறிஞ்சப் போராடியே பெட்ரோலை வீணாக்கும். சராசரி 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். ஹைபிரிட்டில் இன்ஜின் ஓடினால் நல்ல சுமையில் ஓடும், இல்லையென்றால் ஓடாது.

எதிர்ப்பக்கம் ஏசி. இன்ஜின் அணைந்தாலும் பேட்டரி கம்ப்ரஸரை ஓட்டியாக வேண்டும். கேபின் குளிர்ந்த பிறகு 0.7 கிலோவாட் என்று வைத்தால், அதே 5 மணி நேரத்துக்கு 3.5 கிலோவாட்-மணி. பெட்ரோலை மின்சாரமாக்கும்போது லிட்டருக்கு 2.5 கிலோவாட்-மணிதான் கையில் வரும், ஆக 1.4 லிட்டர். வெயிலில் நின்ற வண்டியில் முதல் பத்து நிமிடத்துக்கு ஏசி 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், அந்த நேரத்தில் மைலேஜ் மீட்டரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் சேர்த்தால் உங்கள் 7.1 லிட்டர் ஓட்டத்தில் நல்ல நிலையில் உள்ள பிரியஸ் 4.6 முதல் 5 லிட்டர், அதாவது 20 முதல் 22 கி.மீ. கொடுக்கும். 17 என்பவரும் 25 என்பவரும் பொய் சொல்லவில்லை, அவர்களுடைய சராசரி வேகம் வேறு. வண்டியில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால் டேங்கோடு டேங்க் அதைக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் மொத்த கி.மீ.யை மொத்த ஓட்ட மணியால் வகுத்தால் போதும். 15 முதல் 35 வரை என்றால் ஹைபிரிட்டின் சொந்த நிலம். 70-க்கு மேல் என்றால் லாபம் சுருங்கிவிடும்.

---

கிரீஸ்கை

மூணாவது கேள்விக்கு நான் சொல்றேன் சார். பாதி வராது. ஆனா ஒழுங்கில்லாத பழைய வண்டியை வெச்சு ஒப்பிட்டா ஹைபிரிட் இல்லாத பெருமையை வாங்கிக்கும். அதனால முதல்ல இதைப் பாருங்க.

தெர்மோஸ்டாட்: பழைய வண்டியில திறந்தபடியே சிக்கிப்போன தெர்மோஸ்டாட் ரொம்ப சகஜம். ஓவர்ஹீட் ஆகாததால யாரும் கவனிக்க மாட்டாங்க. ஓ.பி.டி. ரீடர் (வண்டியோட கம்ப்யூட்டர் தரவைப் படிக்கிற கருவி) போட்டு நெடுஞ்சாலையில கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்க. 82 டிகிரிக்கு மேல நிக்கணும். 65, 70லயே ஆடிக்கிட்டு இருந்தா இன்ஜின் இன்னும் சூடாகலைன்னு நினைச்சு ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) கூடுதலா பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கும். சின்ன பாகம், மாத்துனதும் மைலேஜ்ல வித்தியாசம் தெரியும்.

ஆக்ஸிஜன் சென்சார் (புகையில இருக்கிற ஆக்ஸிஜனை அளக்கிறது): முன் சென்சாரோட வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல சுறுசுறுப்பா ஏறி இறங்கணும். மந்தமா இருந்தா, இல்ல ஒரே இடத்துல நின்னா, வயசாயிடுச்சு. இதோட லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்மும் (ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) பாருங்க, பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா சுகம், 10-ஐத் தாண்டினா தேடணும். ஒண்ணு கவனிங்க: டிரிம் பிளஸ்ல இருக்குன்னாலே பெட்ரோல் வீணாகுதுன்னு அர்த்தம் இல்ல. காத்து கசிவை ஈ.சி.யூ. சரிக்கட்டுதுன்னும் இருக்கலாம். கலவையைப் பத்தி பொய் சொல்ற சென்சார்தான் பெட்ரோலைத் தின்னும்.

பிரேக் ஒட்டுதல்: அரை மணி நேரம் அதிகம் பிரேக் போடாம ஓட்டிட்டு நாலு ரிம்மையும் கையை அருகில கொண்டுபோய்ப் பாருங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் சூடு அதிகம்னா காலிபர் ஸ்லைடு பின் காஞ்சு போயிருக்கு. ஜாக்கியில தூக்கி சக்கரத்தைக் கையால சுத்துனா உறுதியாயிடும். பின் டிரம்மா இருந்தா ஹேண்ட்பிரேக் கேபிள் முழுசா திரும்புதான்னும் பாருங்க.

டயர் காத்து: 5 பி.எஸ்.ஐ. குறைஞ்சா 1 சதவீதம் போகும். பிளக்: இடைவெளி விரிஞ்சிருந்தா மாத்துங்க. ஏர் ஃபில்டரை எல்லாரும் முதல்ல மாத்துவாங்க, ஆனா இன்ஜெக்‌ஷன் வண்டியில அழுக்கு ஃபில்டர் பவரைத்தான் குறைக்கும், மைலேஜை அதிகம் தொடாது. கார்புரேட்டர் வண்டியிலதான் அது கலவையைக் கெடுக்கும்.

எல்லாம் சரிபண்ணினா 14 கொடுக்கிறது 15, 15.5 ஆகும். 20 ஆகாது. நின்னுக்கிட்டு எரியிற அந்த 2 லிட்டரை எந்த மெக்கானிக்கும் பிடிக்க முடியாது.

---

ஐந்தாம்கியர்

இருவருக்கும் நன்றி. இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. இன்னும் மூன்று சந்தேகங்கள். நெடுஞ்சாலையில் 100, 110 வேகத்தில் ஹைபிரிட் என்ன கொடுக்கும்? மலைப்பாதை இறக்கத்தில் பேட்டரி நிறைய சார்ஜ் ஆகுமே, அது பெரிய லாபமா? கம்பெனி எண்ணும் நிஜ எண்ணும் ஏன் இவ்வளவு விலகுகின்றன?

---

புழுதிச்சாலை

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

எந்தச் சோதனையில் எடுத்த எண் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு இரண்டாம் தலைமுறை பிரியஸே நல்ல சாட்சி. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007 மாடல் வரை அதற்குக் கொடுத்த சராசரி எண் கேலனுக்கு 55 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 23.4 கி.மீ. 2008 மாடலிலிருந்து சோதனை முறையை மாற்றினார்கள். மணிக்கு 129 கி.மீ. வரை போகும் வேக ஓட்டம், 35 டிகிரி வெப்பத்தில் ஏசி ஓட்டம், மைனஸ் 7 டிகிரியில் குளிர் ஓட்டம் ஆகியவை கணக்கில் சேர்ந்தன. அதே கார், ஒரு போல்ட்கூட மாறவில்லை. எண் 46 மைல் ஆனது, அதாவது 19.6 கி.மீ. நகர ஓட்டத்துக்கான எண்தான் அதிகம் விழுந்தது, 60 இருந்தது 48 ஆகிவிட்டது. குளிரும் ஏசியும் ஹைபிரிட்டை எங்கே அடிக்கின்றன என்று இதில் தெரியும்: இரண்டுமே இன்ஜினை அணையவிடாமல் செய்கின்றன.

ஐரோப்பாவின் பழைய என்.இ.டி.சி. சோதனை இன்னும் மென்மை. 11 கி.மீ. தூரம், சராசரி வேகம் 34-க்குக் கீழே, ஏசி கிடையாது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் அதில் 100 கி.மீ.க்கு 3.9 லிட்டர் காட்டியது, லிட்டருக்கு 25.6 கி.மீ. அதே காருக்கு அமெரிக்கப் புதிய முறையில் கிடைத்தது 50 மைல், 21.3 கி.மீ. 2017 செப்டம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 கி.மீ. நீளம், 131 வரை வேகம், நிஜத்துக்கு அருகில் வந்தது. அதிலும் ஏசி அணைந்தே இருக்கும்.

சொந்தமாக அளப்பதாக இருந்தால்: முதல் கிளிக்கில் நிறுத்துங்கள், வழிய வழிய நிரப்ப வேண்டாம். அதே பம்ப், அதே திசையில் நிறுத்திய வண்டி. ஒரு டேங்க் கணக்கை நம்பாதீர்கள். 40 லிட்டரில் 2 லிட்டர் கூடக் குறைய நிரம்பினாலே 5 சதவீதம் பிசகும். குறைந்தது மூன்று நான்கு டேங்கைக் கூட்டி வகுங்கள். ஓடோமீட்டரை ஜி.பி.எஸ்.ஸோடு 50 கி.மீ. தூரத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். புது டயர் 8 மி.மீ. பள்ளத்திலிருந்து 1.6-க்குத் தேய்ந்தாலே சுற்றளவு 2 சதவீதம் குறையும், ஓடாத தூரத்தை மீட்டர் ஓடியதாகக் காட்டும். திரையில் தெரியும் மைலேஜ் பெரும்பாலும் சில சதவீதம் தாராளமாகத்தான் இருக்கும்.

பிரியஸ் எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இரண்டாம் தலைமுறையில் வட அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் டேங்குக்குள் மடங்கும் பை இருக்கும். குளிரில் அது விறைத்து முழுதாக விரியாது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு பிடிக்கும். அந்த வண்டியில் இரண்டு மூன்று டேங்க் கணக்கே போதாது, பத்துக்கு மேல் வேண்டும்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலப்பில் 3 முதல் 4 சதவீதமும், 20 சதவீதக் கலப்பில் 7 சதவீதமும் மைலேஜ் இறங்குவது இயற்பியல். பழைய வண்டியின் 14 எந்தப் பெட்ரோலில் எடுத்தது, ஹைபிரிட்டின் எண் எந்தப் பெட்ரோலில் எடுத்தது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் அங்கேயே பிசகு.

---

முறுக்குவிசை

நெடுஞ்சாலைக்கு வருவோம். வேகத்தில் காற்றுத்தான் எல்லாம். காற்றுத்தடையோடு முகப்புப் பரப்பைப் பெருக்கினால் 0.6 சதுர மீட்டர் வரும் ஒரு காரை எடுங்கள். பிரியஸ் இதற்குச் சற்றுக் கீழே, உங்கள் ஹேட்ச்பேக் சற்று மேலே இருக்கும். 100 கி.மீ. தூரத்துக்குக் காற்றைக் கிழிக்க 80 வேகத்தில் 4.9 கிலோவாட்-மணி போதும், 110-ல் 9.4 ஆகிவிடும். டயர் தடை இரண்டிலும் ஏறத்தாழ 3.8. ஆக மொத்தம் 8.7-க்கும் 13.2-க்கும் உள்ள வித்தியாசம், ஒன்றரை மடங்கு.

இந்த ஓட்டத்தில் நிற்பதும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஹைபிரிட்டின் இரண்டு பெரிய ஆயுதங்களுக்கு வேலை இல்லை. இன்ஜின் திறனும் காற்றியல் வடிவமும்தான் மிச்சம். 110-ல் பிரியஸ் சுமார் 20 கி.மீ. கொடுக்கும். உங்கள் வண்டியின் 18-ஓடு ஒப்பிட்டால் 100 கி.மீ.க்கு அரை லிட்டர்தான் மிச்சம். நீங்கள் வேகத்தை 110-லிருந்து 90-க்கு இறக்கினால் பழைய வண்டியிலேயே அதைவிட அதிகம் மிச்சம். 80-ல் நிதானமாக ஓட்டும் பிரியஸ் 27-ஐத் தொடும், அந்த வேகத்தில் இன்ஜினை அவ்வப்போது அணைத்து நல்ல சுமையில் மட்டும் ஓட்ட முடிவதால்.

ஹோண்டாவின் இரு மோட்டார் முறையில் நகரத்தில் இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு பூட்டும். முறை வேறு, முடிவு அதேதான்: நகரத்தில் பெரிய லாபம், வேகத்தில் சின்ன லாபம்.

மலை இறக்கம் பற்றிப் பலருக்கும் தவறான எதிர்பார்ப்பு உண்டு. இந்தப் பேட்டரி ரொம்பச் சின்னது. இரண்டு, மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி, மொத்தம் 1.3 கிலோவாட்-மணிதான். ஆயுள் கருதி அதில் 40 முதல் 80 சதவீதம் வரைதான் பயன்படுத்தும், அதாவது அரை கிலோவாட்-மணி. பாதி நிறைந்த நிலையில் இறங்கத் தொடங்கினால் 120, 150 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு மீதி முழுவதும் வெப்பமாகத்தான் போகும். அப்போது கியரை 'B' என்று குறித்த இன்ஜின் பிரேக் நிலைக்கு மாற்றுங்கள் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல). பெட்ரோல் இல்லாமல் இன்ஜினைச் சுற்றவைத்து வேகத்தைப் பிடிக்கும், பிரேக் பேட் காயாது. பேட்டரியில் இடம் இருக்கும்போது அந்த நிலையைப் போட்டால் திரும்பி வர வேண்டிய ஆற்றலை நீங்களே வீணடிக்கிறீர்கள்.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டு விஷயம். பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாகப் போடுங்கள். பேட்டரி வாங்கிக்கொள்ளும் வேகத்துக்கு சுமார் 20 முதல் 27 கிலோவாட் என்ற வரம்பு உண்டு. 50 வேகத்திலிருந்து 100 மீட்டர் தூரத்தில், 14 வினாடியில் நின்றால் ஆரம்பத்தில் 19 கிலோவாட், எல்லாம் பேட்டரிக்குப் போகும். அதே வேகத்திலிருந்து 33 மீட்டரில் நிறுத்தினால் 57 கிலோவாட். பாதிக்கு மேல் டிஸ்க்கைச் சூடாக்கும். ஆக்ஸிலரேட்டரில் மட்டும் பயந்து பயந்து ஊர வேண்டாம். இன்ஜின் ஓடும்போது மிதமான சுமை கொடுத்து வேகத்தைச் சீக்கிரம் எட்டிவிட்டு, பிறகு காலை இளக்குங்கள். பேட்டரியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் பின்னால் அதே பேட்டரியை நிரப்ப இன்ஜின் தனியாக ஓட வேண்டும், இரண்டு முறை மாற்ற இழப்பு.

நியூட்ரலில் போட்டு சிக்னலில் நிற்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நியூட்ரலில் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

---

ரயில்டீசல்

நெடுஞ்சாலைதான் பெரும்பாலும் என்றால் டீசலையும் சேர்த்துப் பாருங்கள். பழைய 1.3, 1.5 டீசல்கள் 90 வேகத்தில் 22, 24 சர்வசாதாரணமாகக் கொடுக்கும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடுவது சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீசலில் லிட்டருக்குப் பெட்ரோலை விட 12, 13 சதவீதம் ஆற்றல் அதிகம், எரிந்தால் வரும் கார்பன் டை ஆக்ஸைடும் 2.3 கிலோவுக்குப் பதில் 2.65 கிலோ. நகரத்துக்குள் மட்டும் ஓடும் டீசலுக்கு டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைப்பு தனித் தலைவலி.

பிளக்-இன் ஹைபிரிட்டையும் சிலர் இதோடு கலக்கிறார்கள். 2021 முதல் ஐரோப்பாவில் புதுக் கார்கள் தம் நிஜ எரிபொருள் கணக்கைத் தாமே பதிந்து வைக்க வேண்டும். அந்தத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில் பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணை விட சுமார் 20 சதவீதம் அதிகம் குடித்தன. பிளக்-இன் கார்கள் சராசரியாக 3.5 மடங்கு. தினமும் சார்ஜ் போடாவிட்டால் அது கனமான பெட்ரோல் கார், அவ்வளவுதான். 'மைல்டு ஹைபிரிட்' என்று ஒட்டி வரும் பெல்ட் மோட்டார் வண்டிகளிடம் பிரியஸ் அளவு லாபத்தை எதிர்பார்க்காதீர்கள். அவற்றின் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, காரைத் தனியாக இழுக்காது.

---

ஐந்தாம்கியர்

என் சராசரி வேகம் 22 வருகிறது, நெடுஞ்சாலை ஓட்டம் மொத்தத்தில் கால்வாசி. அப்படியானால் கணக்கு ஹைபிரிட் பக்கம்தான் சாய்கிறது. 15 வருடப் பழைய பிரியஸ் அந்த 20-ஐக் கொடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

---

கிரீஸ்கை

குளிர்ந்த இன்ஜினோட வண்டியைப் பாருங்க சார். விக்கிறவங்க முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிடுங்க. குளிர் ஸ்டார்ட்ல முதல் நிமிஷம் இன்ஜின், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்டைச் சூடாக்க ஓடும், அது சரி. அப்ப வண்டி உதறினா, கூலன்ட் டப்பாவுல அளவு குறைஞ்சிருந்தா, மூணாம் தலைமுறை 1.8-ல ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பாகத்துக்குக் கீழ இருக்கிற சீல்) போயிடுச்சோன்னு சந்தேகம். அதுக்கு முன்னோடி இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திரும்பிப் போற புகையைக் குளிர வைக்கிறது) கரி அடைக்கிறது. கூலரையும் இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கிற சின்ன இ.ஜி.ஆர். துளைகளையும் கழட்டிச் சுத்தம் பண்ணின ரசீது இருக்கான்னு கேளுங்க. லட்சம் கி.மீ. தாண்டியும் பண்ணலைன்னா வாங்கின உடனே பண்ணணும். ரெண்டாம் தலைமுறை 1.5-ல இந்த இ.ஜி.ஆர். கூலரே கிடையாது.

பேட்டரி: ஓ.பி.டி. ரீடரும் ஹைபிரிட் தரவு படிக்கிற ஆப்பும் வேணும். ரெண்டு தலைமுறையிலும் 28 மாட்யூல், ரெண்டு ரெண்டா 14 பிளாக். சும்மா நிக்கும்போது எல்லாம் சமமாத்தான் காட்டும், ஏமாறாதீங்க. ஏத்தத்துல முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்க. ஒரு பிளாக் மட்டும் மத்ததை விட 1 வோல்ட்டுக்கு மேல கீழ விழுந்தா அதுல ஒரு செல் போயிடுச்சு. ஒரு செல்லோட வோல்டேஜே 1.2 தான். திரையில சார்ஜ் பட்டை சில நிமிஷத்துலயே மேலயும் கீழயும் ஓடினாலும் இதே கதை. இப்படிப்பட்ட வண்டியில இன்ஜின் அணையவே அணையாது, 20 எங்க இருந்து வரும்?

பின் சீட் ஓரத்துல பேட்டரிக்குக் காத்து போற ஜாலி இருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. தூசும் நாய் முடியும் அடைச்சிருந்தா பேட்டரி சூடாகி, வண்டி சார்ஜ் வாங்கறதைக் குறைச்சிடும். ஜாலியைச் சுத்தம் பண்றது சுலபம். உள்ள இருக்கிற விசிறி வரைக்கும் போகணும்னா சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரியோட மின் இணைப்பைத் துண்டிக்கிறது) எடுத்துட்டு 10 நிமிஷம் காத்திருக்கணும், ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தெரியாதவங்க தொடக் கூடாது, 200 வோல்ட் டி.சி.

வண்டியை ரெடி நிலையில வெச்சு இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பா மூடியைத் திறந்து பாருங்க. தண்ணி சுழலணும். அசையாம நின்னா பம்ப் போச்சு.

பிரேக்: ஹைபிரிட்டில பேட் தேயாது, அதனாலயே யாரும் கழட்டிப் பார்க்க மாட்டாங்க, ஸ்லைடு பின் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். ரிம் சூடு சோதனை இதுக்கும் பொருந்தும்.

டயர் பிராண்டையும் பாருங்க. எடை குறைஞ்ச, உருளும் தடை குறைஞ்ச டயரை எடுத்துட்டு அகலமான டயரும் கனமான அலாயும் போட்டிருந்தா 5 சதவீதம் அங்கயே போச்சு. ஆயில் 0டபிள்யூ-20, இல்ல 5டபிள்யூ-30. கனமான ஆயில் வேண்டாம். 1.5 இன்ஜினுக்கு ஃபில்டரோட 3.7 லிட்டர், 1.8-க்கு 4.2. நிறைய இடத்துல 4 லிட்டர் கேனை அப்படியே 1.5-க்குள்ள கவுத்துடுவாங்க. அளவு கூடினா கிராங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், மைலேஜும் விழும். டிப் ஸ்டிக்ல மேல் கோட்டுக்குக் கீழேயே நிறுத்துங்க.

கடைசியா 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட்டில இன்ஜினை இது ஸ்டார்ட் பண்றதில்ல, கம்ப்யூட்டரை எழுப்புறதோட இதன் வேலை முடிஞ்சது, அதனால செத்துக்கிட்டு இருந்தாலும் வெளியே தெரியாது. வண்டி அணைஞ்சு சில மணி நேரம் கழிச்சு அளந்தா 12.4-க்கு மேல இருக்கணும். கீழ இருந்தா பேரம் பேசி மாத்திக்கிட்டு அப்புறம் மத்த கோளாறுகளைத் தேடுங்க. பலவீனமான 12 வோல்ட் பேட்டரி வரிசையா வார்னிங் லைட்டைப் போட்டு, பெரிய பேட்டரி போயிடுச்சுன்னு நம்ப வெச்சிடும்.